மாரத்தான் பயிற்சியும் ஓட்டக் காயங்களும்

ஓட்டக் காயங்கள் என்பன நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஈடுபடுவோரின் இடுப்பு, முழங்கால், கணைக்கால், பாதம் ஆகிய பகுதிகளில் உள்ள எலும்பு, தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றுக்கு ஏற்படும் பாதிப்புகள் ஆகும். இவற்றுட் பெரும்பாலானவை விழுவதாலோ மோதுவதாலோ ஒரே நாளில் ஏற்படுவதில்லை. ஒரே அசைவு பல்லாயிரம் முறை நிகழ்வதால் சிறுகச் சிறுக உருவாகின்றன. ஆதலால் இவை மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. 42.195 கி.மீ. தொலைவு கொண்ட மாரத்தான் ஓட்டத்துக்குப் பல மாதங்கள் பயிற்சி தேவைப்படுவதால், அப்பயிற்சிக் காலத்தில் ஒரு முறையேனும் காயமடைவது ஓட்டக்காரர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. எந்த வலியுடன் பயிற்சியைத் தொடரலாம், எந்த வலியில் உடனே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே இதில் முதன்மையான சிக்கலாகும்.

பின்னணி

தற்கால மாரத்தான் ஓட்டம் 1896ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக் போட்டியில் முதன்முதலாக நடத்தப்பட்டது. அப்போது அதன் தொலைவு ஏறத்தாழ 40 கி.மீ. ஆகும். இன்றுள்ள 42.195 கி.மீ. தொலைவு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பால் நிலையான தொலைவாக ஏற்கப்பட்டது. பெண்களுக்கான மாரத்தான் 1984இல்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் பங்கேற்கும் நெடுந்தொலைவு ஓட்டங்கள் 2000களின் பிற்பகுதியிலிருந்து பெருகத் தொடங்கின. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லில் 2008ஆம் ஆண்டு முதல் செம்மண் பாதைகளில் மாரத்தான் நடத்தப்பட்டு வந்துள்ளது. 2012இல் ‘சென்னை ரன்னர்ஸ்’ என்னும் ஓட்டக்காரர் அமைப்பு சென்னை மாரத்தானைத் தொடங்கியது. இதன் விளைவாகப் பள்ளியிலோ கல்லூரியிலோ தடகளப் பயிற்சி பெறாத பலர், முப்பது நாற்பது வயதுக்குப் பின் ஓடத் தொடங்கினர். பயிற்றுநர் இன்றித் தாமாகவே பயிற்சி பெறும் இவர்களுக்குக் காயங்களைப் பற்றிய அறிவு இன்றியமையாதது.

காயம் ஏற்படும் விதம்

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலின் மீது செயற்படுகிறது. ஒரு கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ 1,000 அடிகள் தேவை எனக் கொண்டால், ஒரு மாரத்தானில் 40,000க்கும் மேற்பட்ட அடிகள் வைக்கப்படுகின்றன.

இவ்விசை உடலுக்குத் தீங்கானது மட்டுமன்று. எலும்பும் தசைநாணும் சுமையைத் தாங்கும்போது நுண்ணிய அளவில் சேதமடைந்து, ஓய்வின்போது முன்னைவிட வலுவாகச் சீரமைக்கப்படுகின்றன. பயிற்சியால் உடல் வலுப்பெறுவது இவ்வாறே ஆகும். சேதம் சீரமைப்பை முந்தும்போதே காயம் உருவாகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. ஆனால் எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்கள் ஆகின்றன. “மூச்சு வாங்கவில்லை, ஆகவே இன்னும் ஓடலாம்” என்று புதிய ஓட்டக்காரர் எண்ணும் காலமே அவருடைய கால்களுக்கு மிகுந்த இடர் உள்ள காலம் எனலாம்.

பரவலும் காரணிகளும்

நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் காயங்கள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு மீளாய்வு, கால்களில் காயமடைவோர் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு 19.4% முதல் 79.3% வரை வேறுபடுவதாகக் கூறியது. காயம் என்பதற்கு ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு வரையறை கொண்டிருந்தது இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகும். மிகுதியாகப் பாதிக்கப்படும் உறுப்பு முழங்கால் என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன.

பொதுவாகச் சுட்டப்படும் காரணிகள் பின்வருமாறு:

- முன்னர் ஏற்பட்ட காயம். காரணிகளுள் இதுவே மிக உறுதியாக நிறுவப்பட்டது.
- தொலைவையோ வேகத்தையோ திடீரெனக் கூட்டுதல்.
- போதிய உறக்கமும் ஓய்வும் இன்மை.
- செலவிடும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாமை.
- இடுப்பு, தொடை, கெண்டைக்கால் தசைகளின் வலுவின்மை.

வாரத் தொலைவை 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக்கூடாது என்னும் விதி ஓட்டக்காரர்களிடையே புகழ்பெற்றது. எனினும் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இவ்விதிப்படி 13 வாரங்கள் பயின்றோருக்கும் வழக்கமான 8 வாரத் திட்டத்தில் பயின்றோருக்கும் காய விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இரு குழுவிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமடைந்தனர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாரத் தொலைவைவிட ஒரே ஓட்டத்தின் நீளமே முக்கியமானது எனக் கண்டது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தொலைவைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாளில் கூட்டி ஓடியவர்களுக்கு இடர் கூடுதலாக இருந்தது. வாரம் முழுவதும் ஓடாமல் இருந்துவிட்டு ஞாயிறன்று 25 கி.மீ. ஓடுவதன் தீமையை இது விளக்குகிறது.

முதன்மையான காயங்கள்

முழங்காற்சில்லு வலி

‘ரன்னர்ஸ் நீ’ என்று பரவலாக அழைக்கப்படுகிறது. முழங்காற்சில்லின் பின்புறமோ அதனைச் சுற்றியோ மந்தமான வலி தோன்றும். படி இறங்கும்போதும், குந்தி அமரும்போதும், நெடுநேரம் முழங்காலை மடக்கி அமர்ந்து எழும்போதும் வலி மிகும். இடுப்புத் தசைகளையும் தொடையின் முன்தசையையும் வலுப்படுத்துதல் முதன்மையான சிகிச்சையாகும். அடியின் நீளத்தைக் குறைத்து, ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்காலின் சுமை குறைவதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தொடைப்புறப் பட்டை வலி

இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்காலுக்குக் கீழ்வரை செல்லும் தடித்த பட்டை, முழங்காலின் வெளிப்பக்கத்தில் எரிச்சலுறுவதால் ஏற்படுகிறது. ஓட்டம் தொடங்கிக் குறிப்பிட்ட தொலைவுக்குப் பின்னரே வலி தோன்றுவது இதன் அடையாளம். சரிவான இறக்கங்களில் ஓடுவதும், மழைநீர் வடிவதற்காக ஓரம் தாழ்த்தி அமைக்கப்பட்ட சாலையின் ஒரே பக்கத்தில் நாள்தோறும் ஓடுவதும் இதனைத் தூண்டலாம்.

கணைக்கால் உள்விளிம்பு வலி

‘ஷின் ஸ்பிளின்ட்ஸ்’ எனப்படுவது. கணைக்காலின் முன் எலும்பின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில், விரல் நீளத்துக்கும் கூடுதலான பரப்பில் வலி பரவியிருக்கும். புதிய ஓட்டக்காரர்களுக்கு மிகுதியாக வருகிறது. இதனைப் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பின் பாதிப்பு மிகுந்து தகைவு முறிவாக மாறக்கூடும்.

குதிநாண் வலி

கெண்டைக்கால் தசையைக் குதிகாலுடன் இணைக்கும் தடித்த தசைநாணில் ஏற்படுகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விறைப்பும் வலியும் இருக்கும். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆகன் ஆல்பிரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சிமுறை இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழிறக்குவது இம்முறையாகும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று தொகுதிகளும், சற்று மடக்கி மூன்று தொகுதிகளும் நாளுக்கு இருவேளை 12 வாரங்கள் செய்ய வேண்டும். முழு ஓய்வைவிடப் படிப்படியான சுமையே தசைநாணை ஆற்றும் என்னும் கருத்து வலுப்பெற இம்முறை உதவியது.

உள்ளங்கால் திசுப்பட்டை வலி

குதிகாலின் அடியிலிருந்து விரல்கள் நோக்கிச் செல்லும் திசுப்பட்டையில் ஏற்படுகிறது. இதுவும் காலையின் முதல் அடிகளில் கடுமையாக இருக்கும். குணமடையப் பல மாதங்கள் ஆகலாம். கடினமான தரையில் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்பதைத் தவிர்த்தலும், கெண்டைக்கால், உள்ளங்கால் நீட்சிப் பயிற்சிகளும் பயன் தருகின்றன.

தகைவு முறிவு

ஓட்டக் காயங்களுள் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. எலும்பு ஒரே அடியில் உடையாமல், மீண்டும் மீண்டும் வரும் சுமையால் மயிரிழை போன்ற விரிசல் காண்பதைத் தகைவு முறிவு என்பர். வலி ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் இருக்கும். ஓட ஓடக் குறையாமல் மிகும். முற்றிய நிலையில் நடக்கும்போதும் இரவு படுத்திருக்கும்போதும் வலிக்கும். தொடக்கத்தில் எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் விரிசல் தெரியாமல் போவது இயல்பு. ஆகவே படம் சரியாக உள்ளது என்பதனால் மட்டும் எலும்பு நலமாக உள்ளது என்று கொள்ள இயலாது. ஐயம் இருப்பின் எம்.ஆர்.ஐ. சோதனை தேவைப்படும். தொடையெலும்பின் கழுத்துப் பகுதி, பாதத்தின் படகெலும்பு, கணைக்கால் முன் எலும்பின் முன்பக்கம் ஆகிய இடங்களில் ஏற்படும் முறிவுகள் இடர் மிகுந்தவை. தொடையெலும்புக் கழுத்தின் விரிசலுடன் தொடர்ந்து ஓடினால் எலும்பு முற்றிலும் முறிந்து அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கவட்டைப் பகுதியில் ஆழ்ந்த வலி இதன் அறிகுறியாகும்.

குறைவாக உண்டு மிகுதியாக ஓடுவோருக்கு எலும்பு நலிவு எளிதில் ஏற்படுகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலையை ‘விளையாட்டில் சார்பு ஆற்றல் குறைபாடு’ என வரையறுத்தது. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கற்றுப் போதலோ நின்றுபோதலோ இதன் முன்னறிகுறியாக இருக்கலாம். ஆண்களும் இக்குறைபாட்டுக்கு உள்ளாவதுண்டு.

வலியுடன் பயிற்சியைத் தொடர்தல்

ஓட்டக்காரர்களும் இயன்முறை மருத்துவர்களும் வலியை 0 முதல் 10 வரையான அளவில் மதிப்பிட்டு முடிவு செய்வது வழக்கம். 0 என்பது வலியின்மை. 10 என்பது தாங்கவியலாத வலி. தசைநாண், முழங்காற்சில்லு தொடர்பான வலிகளுக்குப் பொதுவாகப் பின்வரும் வழிகாட்டல் கூறப்படுகிறது:

- 0 – 2: பயிற்சியைத் தொடரலாம்.
- 3 – 5: தொலைவையும் வேகத்தையும் குறைத்துத் தொடரலாம். மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.
- 6க்கு மேல்: நிறுத்த வேண்டும்.

தகைவு முறிவு என ஐயுறப்படும் வலிக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அதில் சிறு வலியாயினும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். மேலும், ஓடும் விதம் மாறி நொண்டும் நிலை, மூட்டு வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்ளுதல், கால் மரத்துப்போதல், இரவு வலி ஆகியவையும் உடனே நிறுத்துவதற்கான அறிகுறிகளாகும்.

வலிநிவாரணி மாத்திரையை உட்கொண்டு நீண்ட தொலைவு ஓடுவது தவிர்க்கப்பட வேண்டும். ஐபுபுரூபன் போன்ற மருந்துகள் உடலின் எச்சரிக்கையை மறைப்பதோடு, நீரிழப்பு உள்ள நிலையில் சிறுநீரகங்களையும் பாதிக்கக்கூடும்.

முதலுதவியாக ஓய்வு, பனிக்கட்டி, கட்டுப்போடுதல், காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கும் நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டன. 1978இல் இம்முறைக்குப் பெயரிட்ட அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைதலைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் சில நாட்கள் காத்து, பின்னர் வலி அனுமதிக்கும் அளவில் படிப்படியாக அசைவையும் சுமையையும் கூட்டுவதே இன்றைய அணுகுமுறையாகும்.

பயிற்சித் திட்டம்

மாரத்தான் பயிற்சி பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் நீடிக்கும். இதனைத் தொடங்குமுன் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் இடரின்றி ஓடும் பழக்கம் இருத்தல் நலம். முதன்முறை ஓடுவோருக்கான வாரத் திட்டம் பெரும்பாலும் கீழ்க்காணும் கூறுகளைக் கொண்டிருக்கும்:

- பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம்: இரண்டு நாட்கள்.
- சற்று வேகமான ஓட்டம்: ஒரு நாள்.
- நீண்ட ஓட்டம்: ஒரு நாள். இது படிப்படியாக 28 முதல் 32 கி.மீ. வரை கூட்டப்படும்.
- தசை வலுப்பயிற்சி: இரண்டு நாட்கள்.
- முழு ஓய்வு: குறைந்தது ஒரு நாள்.

மூன்று வாரம் கூட்டி நான்காம் வாரம் குறைப்பதும், போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தொலைவைக் கணிசமாகக் குறைப்பதும் வழக்கம்.

காயத்தால் ஓட இயலாத காலத்தில் நீச்சல், மிதிவண்டி, நீரில் ஓடுதல் ஆகியவற்றால் இதயத் திறனைப் பேணலாம். ஓய்வால் பயிற்சியெல்லாம் வீணாகிவிடும் என்ற அச்சமே பலரைக் காயத்துடன் ஓடத் தூண்டுகிறது. பயிற்சியை முற்றிலும் நிறுத்திய விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 1984இல் வெளியான ஆய்வொன்றில், உடலின் உச்ச ஆக்சிசன் பயன்பாடு 21 நாட்களில் 7 விழுக்காடும் 56 நாட்களில் 16 விழுக்காடும் மட்டுமே குறைந்தது. ஒரு வார ஓய்வினால் ஏற்படும் இழப்பு மிகச் சிறிது. காயத்தை முற்றவிட்டு மூன்று மாதம் ஓட இயலாமற்போவதனால் ஏற்படும் இழப்பு பெரிது.

மீண்டும் ஓடத் தொடங்குமுன் 30 நிமிடங்கள் வலியின்றி விரைந்து நடக்க இயல வேண்டும். பின்னர் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கி, ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முதலில் தொலைவு, அதன் பின்னரே வேகம் என்பது பொதுவான நெறியாகும். நான்கைந்து வாரங்களுக்கு மேல் பயிற்சி தவறியிருப்பின் முழு மாரத்தானுக்கு மாற்றாக அரை மாரத்தானில் பங்கேற்பதோ அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதோ அறிவுடைமையாகும்.

தமிழ்நாட்டுச் சூழலில்

அண்மை ஆண்டுகளில் சென்னை மாரத்தான் சனவரி மாதத்தில் நடத்தப்பட்டு வந்துள்ளது. அதற்கான பயிற்சி செப்டம்பர் வாக்கில் தொடங்கும். ஆகவே நீண்ட ஓட்டங்கள் அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அமைகின்றன. நனைந்த காலணியால் கொப்புளங்களும், நீர் தேங்கிய சாலையில் குழி தெரியாமல் கணுக்கால் பிசகுதலும் இக்காலத்தில் நிகழக்கூடியவை. கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து வியர்வை ஆவியாவதைத் தடுப்பதால் உடல் வெப்பம் எளிதில் உயரும். இதனால் பெரும்பாலானோர் பொழுது விடியுமுன் ஓடுகின்றனர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி போன்ற பெரிய ஏரிகளையொட்டிய ஊர்களில் மண்பாதைகள் கிடைக்கின்றன. இவை தார்ச்சாலையைப் போல ஒரே சீராக இல்லாததால் ஒவ்வோர் அடியும் சற்றே மாறுபடுகிறது. எனினும் மேடுபள்ளங்களில் கணுக்காலுக்கு இடர் உண்டு என்பதால் வெளிச்சத்தில் ஓடுவதே நன்று. இம்மாவட்டத்தின் பட்டு நெசவாளர்கள் குழித்தறியில் அமர்ந்து, மிதிகட்டைகளைக் காலால் இயக்கி நெடுநேரம் பணியாற்றுகின்றனர். இவ்வாறு இடுப்பை மடக்கி அமரும் தொழில் செய்வோரும், அலுவலகப் பணியாளர்களும் ஓடத் தொடங்கும்போது இடுப்பு முன்தசை நீட்சியையும் பின்தொடை, புட்டத் தசை வலுப்பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்வது பயனுடையது.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் விளையாட்டு அறிவியல் மையம் உள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது.

காயத்தை எதிர்கொண்ட ஓட்டக்காரர்கள்

- அபெபே பிக்கிலா (எத்தியோப்பியா): 1960 உரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலுடன் ஓடி வென்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ 40 நாட்களுக்கு முன் குடல்வால் அறுவை சிகிச்சைக்கு உள்ளானபோதும் 2 மணி 12 நிமிடம் 11.2 நொடியில் ஓடி மீண்டும் வென்றார். 1968 மெக்சிகோ நகரில் காலில் இருந்த காயத்தால் ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் விலகினார்.
- ஜான் ஸ்டீபன் அக்வாரி (தான்சானியா): 1968 மெக்சிகோ நகர் மாரத்தானில் கீழே விழுந்து முழங்காலில் காயமுற்றும், கட்டுப்போட்ட காலுடன் வெற்றியாளருக்கு ஒரு மணி நேரத்துக்கும் பின்னர் ஓட்டத்தை நிறைவு செய்தார்.
- ஜோன் பெனாய்ட் (அமெரிக்கா): 1984 ஏப்பிரல் 25 அன்று முழங்காலில் நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 17 நாட்களுக்குப் பின் மே 12இல் ஒலிம்பிக் தகுதி மாரத்தானிலும், ஆகத்து 5இல் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தானிலும் வென்றார்.
- பவுலா ராட்கிளிஃப் (ஐக்கிய இராச்சியம்): 2003இல் 2 மணி 15 நிமிடம் 25 நொடி என்னும் உலக சாதனையைப் படைத்தவர். 2008இல் தொடையெலும்பில் தகைவு முறிவு ஏற்பட்டு, போதிய பயிற்சியின்றிப் பெய்சிங் ஒலிம்பிக்கில் ஓடி 23ஆம் இடம் பெற்றார்.
- தீனா காஸ்டர் (அமெரிக்கா): 2004 ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்றவர். 2008 பெய்சிங்கில் ஓட்டத்தின் தொடக்கப் பகுதியிலேயே பாத எலும்பு முறிந்து விலக நேர்ந்தது.
- சிவநாத் சிங் (இந்தியா): வெறுங்காலுடன் ஓடுவதற்காக அறியப்பட்டவர். 1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் 11ஆம் இடம் பெற்றார். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் 40 ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய தேசிய சாதனையாக நீடித்தது.
- மா. சுப்பிரமணியன் (தமிழ்நாடு): 2006 முதல் 2011 வரை சென்னை மாநகர மேயராகவும், 2021 முதல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பு வகித்தவர். சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயமடைந்திருந்தும், ஐம்பது வயதைக் கடந்தபின் நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஈடுபட்டு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியுள்ளார்.

பெனாய்ட்டின் வெற்றி காயத்துடன் ஓடுவோரால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அவருடைய சிக்கல் அறுவை சிகிச்சையால் நீக்கப்பட்டுவிட்டது என்பதும், ராட்கிளிஃபின் எலும்பு விரிசல் ஆறுவதற்குக் காலம் தேவைப்பட்டது என்பதும் கருதத்தக்கவை. மன உறுதி இருவருக்கும் குறைவாக இருக்கவில்லை. காயத்தின் தன்மையே வேறுபட்டது.

தடுப்பு முறைகள்

- நீண்ட ஓட்டத்தின் தொலைவைத் திடீரெனக் கூட்டாதிருத்தல்.
- வாரம் இருமுறை தசை வலுப்பயிற்சி செய்தல். ஓட்டத்துக்கு முன் அசையாமல் செய்யும் நீட்சிப் பயிற்சி காயத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதாகச் சான்றுகள் இல்லை. மெதுவான நடையும் மெல்லோட்டமும் போதுமானவை.
- காலுக்கு இதமான காலணியைத் தேர்ந்தெடுத்தல். விலை உயர்ந்த காலணி காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. புதிய காலணியைப் போட்டி நாளில் முதன்முறையாக அணியலாகாது.
- வெறுங்கால் ஓட்டத்தை விரும்புவோர் சில நூறு மீட்டர்களில் தொடங்கிப் பல மாதங்களில் கூட்டுதல்.
- போதிய உறக்கமும், சோறு, பருப்பு, முட்டை, மீன், கேழ்வரகு முதலியவை அடங்கிய நிறைவான உணவும் கொள்ளுதல்.
- ஓடிய தொலைவு, வலி, உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல். காயத்தின் காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய நான்கைந்து வாரங்களின் குறிப்புகளில் காணப்படும்.

இவற்றையும் பார்க்க

- மாரத்தான்
- அரை மாரத்தான்
- அபெபே பிக்கிலா
- இயன்முறை மருத்துவம்
- வெப்பத் தாக்கு